அடுத்த நிலையம் வரையில்

(சங்கத்தின் ஆண்டு விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் மேடையேறிப் பேசிப் பழகியவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரெயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பிறகு இலாகாத் தேர்வு எழுதி எழுத்தர் ஆனவன். கோப்புகளில் குறிப்பு எழுதுவதைத் தவிர வேறு எழுத்துப் பயிற்சியும் எனக்கு இல்லை. சென்ற மாதம் செயற்குழு அன்பர்கள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "உங்கள் குடும்பத்துக்கு வந்த சோதனையையும், அதை நீங்கள் தாங்கிய விதத்தையும் பற்றிப் பேச வேண்டும்" என்று கேட்டபோது நான் மறுத்துவிட்டேன். அடுக்களையிலிருந்து என் மனைவிதான் வெளியே வந்து, "பேசுங்கள். அதைக் கேட்டு ஒரு வீட்டில் ஒரு பெண் மறைக்காமல் வாய் திறந்தால் போதும்" என்றாள். அவளுடைய அனுமதியோடுதான், அவள் இரண்டாம் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கத்தான், இதைப் பேசுகிறேன்.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்பதை அறிவீர்கள். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பெங்கால் நாக்பூர் ரெயில்வே காலத்தில் இந்தக் கரக்பூருக்கு வந்தவர். ஒரு தகரப் பெட்டியும் ஒரு வேதாகமமும்தான் அவர் கொண்டுவந்த சொத்து. அந்த வேதாகமம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் வீட்டில் வேதாகமம் இருப்பது வேறு, விசுவாசம் இருப்பது வேறு என்பதை 2023-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அறிந்தேன்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின்னர், என் மனைவி தன் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். "எத்தனை நாளாக?" என்று கேட்டேன். "மூன்று மாதமாக" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "வலி இல்லை. ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன், கரைந்துவிடும் என்று இருந்தேன்" என்றாள்.

தாய்மார்களே! வலி இல்லை என்பதுதான் இந்த நோயின் பெரிய வஞ்சகம். மார்பில் தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலித்திருந்தால் அவள் மறுநாளே சொல்லியிருப்பாள். கூச்சமும் அச்சமும் வாயைக் கட்டிப்போட, அதற்கு ஜெபம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். இது அவள் செய்த பிழை. நான் செய்த பிழையைப் பின்னால் சொல்வேன். அது இதைவிடப் பெரிது.

ஊசி செலுத்தித் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று உறுதியாயிற்று. ரெயில்வே ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, டிசம்பர் மாதத்தில் வேலூருக்குப் புறப்பட்டோம். நம் கரக்பூர் நடைமேடையின் நீளம் 1,072 மீட்டர். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பள்ளிப் பாடத்தில் படித்துப் பெருமைப்பட்டிருக்கிறோம். 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹூப்ளியும் அந்தப் பெருமையைப் பெற்றுக்கொண்டன. ஆனால் அன்றைய இரவு, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அவள் கையுமாக எங்கள் பெட்டி நிற்கும் இடத்தைத் தேடி நடந்தபோது, அதைவிட நீளமான நடைமேடை உலகில் இருக்க முடியாது என்றே தோன்றியது.

அந்த வண்டியில் எங்கள் பெட்டியில் பாதிப் பேர் நோயாளிகள். மேதினிபூர், பாங்குரா, புருலியா ஆகிய மாவட்டங்களிலிருந்து சொந்தக் காசிலும் கடன் வாங்கிய காசிலும் வேலூருக்குப் புறப்பட்டவர்கள். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் விடுதிகளின் பெயர்ப்பலகைகள் வங்காளத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. வங்கத்து மீன் குழம்பின் கடுகெண்ணெய் மணம் தமிழ்நாட்டுத் தெருவில் வீசுவதைக் கண்டு, எது என் ஊர், எது அயலூர் என்றே எனக்கு விளங்கவில்லை.

அங்கே என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் அகற்றினார்கள். அந்த மூன்றரை மணி நேரம் நான் வெளியே அமர்ந்திருந்தேன். ஜெபிக்க முயன்றேன். வாய் வரவில்லை. சிறுவயது முதல் மனப்பாடமாய் வந்த ஜெபமே பாதியில் மறந்து நின்றது. ஆண்டவரே என்ற ஒரு சொல்லுக்கு மேல் எனக்குக் கிட்டவில்லை.

அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த வங்காளத்துப் பெரியவர் ஒருவர் கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு தவிப்பதைக் கண்டேன். எந்தச் சாளரத்துக்குச் செல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பேசுவது காவலருக்குப் புரியவில்லை. நான் எழுந்து சென்று அவருக்காகப் பேசினேன். அவரைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பியதும் இன்னொரு குடும்பம் வந்தது. மறுநாள் விடுதியின் மாடிப்படியில் நால்வர் காத்திருந்தனர். மருந்துக் கடையில், காய்கறிக் கடையில், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்று, நாங்கள் அங்கே தங்கியிருந்த நாட்களெல்லாம் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். வங்காளத்தில் பிழைக்க வந்த தமிழன் என்று என்னை நானே குறைவாக எண்ணிய நாட்கள் உண்டு. பிழைப்புக்காகக் கற்ற அந்த மொழி, அங்கே பிறருக்குப் பயன்படுவதற்காக எனக்குக் கொடுக்கப்பட்டதாக விளங்கியது. என் வாயில் வராத ஜெபம், என் காலும் நாவும் செய்த ஏவலில் வந்துவிட்டது என்றே இன்றும் நம்புகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. அதைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தகப்பனாருடன் தங்கியிருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துடிக்கும் தம் மனைவியருக்கு உதவி வேண்டும் என்று கேட்டனர். தகப்பனார் மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றனர். மகளோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த அம்மையார் ஜெபித்தார் என்பது உண்மை. ஜெபித்து எழுந்தவர் மருத்துவம் படிக்கச் சென்றார் என்பதும் உண்மை. 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். ஜெபத்தையும் மருத்துவத்தையும் அவர் இரண்டாகப் பிரித்திருந்தால், என் மனைவி படுத்திருந்த படுக்கை அங்கே இருந்திராது.

ஜனவரி மாதத்தில் முதல் கீமோதெரபி மருந்தை அங்கேயே ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். இருபத்தொரு நாட்களுக்கு ஒரு முறையாக மொத்தம் எட்டு முறை. மீதி ஏழையும் கல்கத்தாவில் ஏற்றிக்கொள்ள ஏற்பாடாயிற்று. விடியற்காலை லோக்கல் வண்டியில் ஹௌரா, அங்கிருந்து பஸ், இரவு திரும்பி வருதல். முதல் நான்கு முறை சிவப்பு நிறமான மருந்து. அது நரம்பில் இறங்கும்போது அவள் கண்களை மூடிக்கொள்வாள், நான் துளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வாரத்தில் அவள் கூந்தல் சீப்போடு வரத் தொடங்கியது. நம் காலனியில் பிள்ளையார் கோவில் பக்கத்து வீட்டு மாமி வெள்ளிக்கிழமைதோறும் தொடுத்த பூவை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். தலைமுடி முழுவதும் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, பூ வராது என்று நினைத்தோம். மாமியே நேரில் எடுத்து வந்தார். "முடி வரும்வரைக்கும் உங்க சாமி புஸ்தகத்துக்கு முன்னாடி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டனாரின் வேதாகமத்தின் முன் ஆறேழு மாதம் மல்லிகையும் கனகாம்பரமும் இருந்தன.

மூன்றாவது மருந்துக்குப் பின்னர் ஒரு நள்ளிரவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இந்த மருந்து நோயணுக்களோடு இரத்தத்தின் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும் என்றும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றும் முன்னமே எச்சரித்திருந்தார்கள். கதவைத் தட்டினேன். பணிமனையில் வேலை செய்யும் இஸ்லாமிய நண்பர் தம் வண்டியை எடுத்தார். தெலுங்கு நண்பர் அவளைத் தூக்கி வந்தார். எதிர்வீட்டு வங்காளத்துத் தீதி பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மாமி போர்வையும் வெந்நீரும் கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தார். ஆஸ்பத்திரியில் உடனே ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

மாற்கு சுவிசேஷத்தில் ஒரு திமிர்வாதக்காரனின் வரலாறு உண்டு. அவனை நால்வர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே செல்ல முடியவில்லை. வீட்டின் கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அங்கே இயேசு கண்டது சுமந்தவர்களுடைய விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. இத்தனை ஆண்டு அதைக் கேட்டும் அந்தக் குறிப்பை நான் கவனித்ததே இல்லை. படுத்திருப்பவனுக்கு நம்பிக்கை குறையும்போது சுமப்பவர்களுடைய நம்பிக்கை கணக்கில் வருகிறது. எங்களைச் சுமந்த நால்வரும் நான்கு வகையாகக் கடவுளைத் தொழுகிறவர்கள். என் விசுவாசம் அதனால் குறைந்துவிடவில்லை, அகலமாயிற்று.

இனி என் பிழைக்கு வருகிறேன். அந்தக் காய்ச்சலுக்குப் பின் அவள் எலும்பும் தோலுமாகக் கிடந்த நாளில், வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உபவாச ஜெபம் செய்தார். முடிவில், "மருந்தை நம்பும் வரையில் ஆண்டவர் தொடமாட்டார். விசுவாசம் முழுமையானால் சுகம் முழுமையாகும். அடுத்த ஊசிக்குப் போகாதீர்கள்" என்றார்.

அவர் வஞ்சகர் என்று நான் சொல்லவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். ஆனால் அதைக் கேட்ட நான் என்ன செய்தேன்? அன்று இரவு உறக்கமின்றிப் புரண்டேன். அவள் படும் பாட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விடுப்பும் கரைந்துகொண்டிருந்தது. "இந்த ஒரு முறை போகாமல் இருந்து பார்ப்போமா?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "விசுவாசம் என்று சொல்லி மூன்று மாதம் நான் மறைத்தேன். அதே பெயரைச் சொல்லி நீங்களும் மறைக்கப் பார்க்கிறீர்கள். நான் பயத்தை மறைத்தேன். நீங்கள் எதை மறைக்கிறீர்கள்?"

சபையோரே! என் வாழ்நாளில் நான் கேட்ட பிரசங்கங்களில் அதற்கு ஈடானது இல்லை. நான் மறைத்ததும் பயத்தைத்தான். வேதனையைக் கூட இருந்து பார்க்க அஞ்சியவன், அந்த அச்சத்துக்கு விசுவாசம் என்ற வெள்ளாடையை உடுத்தினேன்.

அதன் பிறகு பாட்டனாரின் வேதாகமத்தை வேறு கண்ணோடு படித்தேன். எசேக்கியா மன்னன் மரணத் தறுவாயில் அழுது ஜெபித்தபோது, ஆண்டவர் அவன் ஆயுளில் பதினைந்து ஆண்டு கூட்டினார். ஆனால் ஏசாயா தீர்க்கதரிசி அவன் புண்ணின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். வாக்குத்தத்தமும் வந்தது, மருந்தும் வந்தது. பவுல் அப்போஸ்தலரின் அன்பான தோழர் லூக்கா ஒரு வைத்தியர். அந்தப் பவுலே தம் உடலில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபைதான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்? கெத்செமனே தோட்டத்தில் அந்தப் பாத்திரம் நீங்க வேண்டும் என்று இயேசுவே வேண்டினார், அது நீங்கவில்லை.

சங்கீதங்களைப் புகழ்ச்சிப் பாடல்கள் என்றே எண்ணியிருந்தேன். அவற்றில் பல, எதுவரைக்கும், ஏன் என்று முறையிடுபவை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுவே. வாய் திறந்து காரணம் கற்பித்தபோதுதான் கெடுத்தார்கள். இறுதியில் ஆண்டவர் அந்த நண்பர்களைக் கடிந்துகொண்டு, முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்றார். நோயுற்ற வீட்டுக்குச் செல்லும் நாமும் இதை நினைவில் கொள்ள வேண்டும். எந்தப் பாவம், எந்தச் சாபம், எந்தச் சாப்பாடு என்று ஆராய வேண்டாம். ஒரு பாத்திரத்தில் ரசம் கொண்டு செல்லுங்கள். பேசாமல் சற்று நேரம் அமர்ந்திருங்கள்.

நான்காவது மருந்துக்குச் சென்றோம். அதன் பின்னும் சென்றோம். 2024 ஜூன் மாதத்தில் எட்டும் முடிந்தன. ஜூலையில் பதினைந்து நாள் கதிர்வீச்சு சிகிச்சை. இப்போது தினம் ஒரு மாத்திரை. ஐந்து ஆண்டு சாப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை.

"முற்றிலும் குணமாகிவிட்டதா?" என்று பலர் அன்போடு கேட்கிறார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இப்போது நோயின் அறிகுறி ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். நானும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். சோதனைக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் இன்றும் உறக்கம் குறைவுதான்.

ரெயில்வேக் குடும்பங்கள் நிறைந்த இச்சபையில் ஓர் உவமை சொல்லி முடிக்கலாம். ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமானால், அடுத்த நிலையத்தார் லைன் கிளியர் கொடுக்க வேண்டும். அந்த அனுமதி அடுத்த நிலையம் வரைக்கும்தான். கரக்பூரில் நிற்கும் ஓட்டுநருக்குக் காட்பாடி வரைக்கும் யாரும் அனுமதி தருவதில்லை. அடுத்ததற்கு அடுத்ததை அங்கே போய்த்தான் பெற வேண்டும். இருந்தாலும் வண்டி 1,600 கிலோமீட்டர் அளவும் போய்ச் சேருகிறது.

உவமைக்கு எல்லை உண்டு என்பதையும் நாம் அறிவோம். 2023 ஜூன் 2-ஆம் நாள் பாலசோர் அருகே பாகனாகா பஜாரில் சமிக்ஞை பொய்த்து 290 பேருக்கு மேல் மாண்டார்கள். நம் கோட்டத்தில் நடந்த துயரம் அது. அன்றிரவு உதவிக்கு ஓடியவர்கள் இச்சபையிலும் இருக்கிறார்கள். ஆகவே, நம்பினால் ஒன்றும் நேராது என்று நான் சொல்லவில்லை. நம்பியவர்களுக்கும் நேர்கிறது. விசுவாசம் எனக்குக் கொடுத்தது முடிவைப் பற்றிய உறுதி அன்று. அடுத்த இருபத்தொரு நாளைக்கு வேண்டிய பலமும், அந்த நாட்களில் நாங்கள் தனியாக இல்லை என்ற உறுதியும்தான். அது போதுமானதாக இருந்தது. முன்கூட்டியே முழுவதையும் கேட்டபோதெல்லாம் நான் தடுமாறினேன். அடுத்த நிலையம் வரைக்கும் கேட்டபோது ஒரு முறையும் மறுக்கப்படவில்லை.

கடைசியாகச் சில சொற்கள். தாய்மார்களே, உடலில் கட்டியோ மாறுதலோ கண்டால் அன்றே சொல்லுங்கள். கணவரிடம் சொல்லக் கூச்சமானால் எதிர்வீட்டுச் சகோதரியிடம் சொல்லுங்கள். ஆண்மக்களே, சொல்லக்கூடிய முகத்தோடு வீட்டில் இருங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.ஸி.யிலும் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குச் செல்பவருக்கு முக்கால் பங்கு சலுகையும் உண்டு. ரெயில்வேயில் இல்லாத உங்கள் அயலாருக்கு இதைச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் என்னிடம் வரலாம், எழுத்தரின் வேலை அதுதானே! வேலூருக்குப் புறப்படும் வங்காள அன்பர்கள் எவரேனும் தமிழில் நாலு சொல் கற்க விரும்பினாலும் மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும்.

என் மனைவிக்கு மறுபடியும் முடி வளர்ந்திருக்கிறது. முன்போல் நீளமில்லை, சற்றுச் சுருட்டையாக வருகிறது. இன்று வெள்ளிக்கிழமை. மாமி கொடுத்தனுப்பிய பூ இன்று வேதாகமத்தின் முன் இல்லை. இரண்டாம் வரிசையில் இருக்கிறது.